நம் ஊர்ச் சிலைகளும் ஓவியங்களும் தமிழில் பேச வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஆறாம் வகுப்பில் படிக்கும் என் அண்ணன் பேரனை மெரினாவுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். உழைப்பாளர் சிலைக்கு எதிரே நின்று சுண்டல் தின்றுகொண்டிருந்தவன், "தாத்தா, இவங்க நாலு பேரும் எதைத் தள்ளுறாங்க? எதுக்குத் தள்ளுறாங்க?" என்று கேட்டான். அரசுப் பள்ளியில் 31 ஆண்டுகள் ஓவிய ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்லத் தொடங்கினேன். அருகில் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நெருங்கி வந்து காதுகொடுத்தார்கள். நான் முடித்ததும் ஓர் அம்மையார், "இருபது வருசமா இந்த வழியா பஸ்ல போறேன் சார், இதை யாரு செஞ்சாங்கன்னு இன்னைக்குத்தான் தெரியும்" என்றார். அவர் அதைச் சொன்ன விதத்தில் இருந்த வருத்தம்தான் இக்கடிதத்தை எழுதவைக்கிறது. சென்னையின் நவீன கலையை, அது இருக்கும் இடங்களிலேயே நின்று, நடந்து, தமிழில் கேட்டு அறிந்துகொள்ள நல்லதோர் ஒலி வழிகாட்டி வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அது எப்படி இருக்க வேண்டும் என்பதை நான் தெரிந்துகொண்டது ஓர் அயல்நாட்டு நகரத்தில் என்பதால், முதலில் அதைப் பற்றிச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

2017 கோடையில் என் மனைவியும் நானும் கலிபோர்னியாவில் மகள் வீட்டில் தங்கியிருந்தோம். ஒரு வார நாளில் மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு, எங்களை ஃப்ரீமான்ட்டிலிருந்து பார்ட் ரயிலில் சான் பிரான்சிஸ்கோவுக்கு அழைத்துச் சென்றாள். மூன்றாம் தெருவில் இருக்கும் அந்நகரின் நவீன கலை அருங்காட்சியகம் 1935-இல் தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருபதாம் நூற்றாண்டுக் கலைக்கென்றே உருவான முதல் அருங்காட்சியகம் அதுதான். மாரியோ போத்தா வடிவமைத்த இப்போதைய கட்டடத்துக்கு அது 1995-இல் குடிபெயர்ந்தது. பின்னர் மூன்று ஆண்டுகள் மூடப்பட்டு, பெரிதாக விரிவாக்கப்பட்டு, 2016 மே மாதத்தில் மீண்டும் திறக்கப்பட்டது. அப்படித் திறந்தபோது ஒரு புதிய செயலியையும் வெளியிட்டார்கள். பழைய ஒலி வழிகாட்டிகளில் படத்தின் அருகில் இருக்கும் எண்ணைப் பார்த்து நாம் அழுத்த வேண்டும். இதில் அந்த வேலை இருக்கவில்லை. நாம் எந்த அறையில், எதன் அருகில் நிற்கிறோம் என்பதைச் செயலியே அறிந்து பேசியது. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கையை வீசி நடக்க முடிந்தது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து வந்தால், எல்லோர் காதிலும் ஒரே நேரத்தில் ஒரே சொல் கேட்கும்படி இணைத்துக்கொள்ளவும் வசதி இருந்தது. பேசியவர்களும் கலை விமர்சகர்கள் மட்டுமல்லர். கயிற்றின் மேல் நடக்கும் ஃபிலிப் பெத்தியும், தொலைக்காட்சி நகைச்சுவை நடிகர்களும்கூடப் பார்வையாளரை அழைத்துக்கொண்டு நடந்தார்கள். ஓவியத்தின் முன் நின்று பேசுவதற்குப் பட்டம் தேவையில்லை, பார்க்கும் கண் போதும் என்று ஒரு பெரிய நிறுவனமே ஒப்புக்கொண்டது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளித்தது.

ஆனால் என் மனைவிக்கு ஆங்கிலம் தெரியாது. நான்காவது படத்திலேயே இயர்போனைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டாள். அதன்பின் நாங்கள் வந்து நின்றது மெக்சிகோ ஓவியர் தியேகோ ரிவேரா 1935-இல் வரைந்த 'பூச்சுமப்பவர்' என்ற ஓவியத்தின் முன்னால். வெள்ளை உடை உடுத்திய ஒருவர் இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி மண்டியிட்டிருக்கிறார். அவருடைய முதுகில், அவரைவிடப் பெரிய கூடை நிறையப் பூக்கள். மஞ்சள் துணி ஒன்று கூடையை மார்போடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. பின்னால் ஒரு பெண் கூடையைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். என் மகள் தாயின் தோளில் கைபோட்டு, "அம்மா, இவர் சந்தைக்குப் பூக் கொண்டுபோறவர். எழுந்திருக்கப் பார்க்கிறார். அந்தம்மா கையைப் பாரு" என்று மூன்றே வாக்கியம் சொன்னாள். என் மனைவி நிலக்கோட்டைக்காரி. மல்லிகைச் சந்தையைப் பார்த்து வளர்ந்தவள். நெடுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பூவுல என்ன கனம் இருக்கப்போகுதுன்னு நினைப்பாங்க. தண்ணி தெளிச்ச பூ கல்லு மாதிரி கனக்கும்" என்றாள். முப்பது ஆண்டுகள் ஓவியம் கற்பித்த எனக்கு அது தோன்றவில்லை. என் காதில் இருந்த ஆங்கிலக் குரலும் அதைச் சொல்லவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும் தாய்மொழியில் காட்டிவிட்டு ஒதுங்கி நின்றதால், ஓர் அயல்நாட்டு ஓவியத்தின் முழு எடையும் அவளுக்குப் பிடிபட்டது. ஒலி வழிகாட்டி செய்ய வேண்டிய வேலை இதுதான் என்று அன்று உறுதியாக எண்ணினேன்.

எப்போது பேசக்கூடாது என்பதும் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். அதே அருங்காட்சியகத்தில் ஆக்னஸ் மார்ட்டின் ஓவியங்களுக்கென்றே எட்டுப் பக்கச் சுவர்களோடு ஓர் அறை அமைத்திருக்கிறார்கள். மெல்லிய பென்சில் கோடுகளும் நீர்த்த நிறங்களுமாக, தொலைவிலிருந்து பார்த்தால் வெற்றுத் துணியோ என்று தோன்றும் படங்கள். அங்கே நானும் இயர்போனைக் கழற்றிவிட்டு, நடுவில் இருந்த இருக்கையில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

நகரத்தைச் சுற்றிப் பார்த்ததிலும் காதுக்குப் பெரும் பங்கு இருந்தது. அல்கத்ராஸ் தீவில் இருக்கும் பழைய சிறைச்சாலை 1963-இல் மூடப்பட்டது. இப்போது படகில் போய் இறங்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு ஹெட்போனைக் கொடுக்கிறார்கள். அதில் பேசுகிறவர்கள் அங்கே காவல் பார்த்தவர்களும், அங்கேயே தண்டனை அனுபவித்தவர்களும். அவர்களுடைய சொந்தக் குரலை முன்கூட்டியே பதிவுசெய்து வைத்திருக்கிறார்கள். புத்தாண்டு இரவில் அக்கரையில் இருக்கும் படகு மன்றத்தின் கொண்டாட்டச் சத்தமும் பெண்களின் சிரிப்பும் தண்ணீரைக் கடந்து சிறைக் கொட்டடிக்குள் வந்து விழும் என்று ஒருவர் சொல்லும் இடத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குக் கை நடுங்கிவிட்டது. பேசியவர் இறந்துபோயிருக்கலாம், அந்தக் குரல் இருக்கிறது. ஜப்பானியம், கொரியம், டச்சு என்று பல மொழிகளில் அந்த வழிகாட்டி கிடைக்கிறது. தமிழ் இல்லை; அந்தத் தீவில் தமிழை எதிர்பார்ப்பது முறையும் அன்று. நம் ஊரில் எதிர்பார்க்கலாம் அல்லவா?

மறுவாரம் அதே நகரில் இருக்கும் கோய்ட் கோபுரத்துக்குப் போனோம். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், 1934-இல், வேலையிழந்து நின்ற ஓவியர்களுக்கு அரசு கூலி கொடுத்து அதன் உட்சுவர்களில் ஓவியம் தீட்டச் செய்தது. அவர்களுள் பலர் ரிவேராவின் வழியைப் பின்பற்றியவர்கள். பழம் பறிப்பவர், ஆலைத் தொழிலாளி, தெருவில் கூட்டமாக நிற்கும் வேலையற்றோர் என்று சுவர் முழுவதும் உழைப்பவர்களின் முகங்கள். அந்த ஆண்டு துறைமுகத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் நகரத்தையே உலுக்கியது. ஓவியங்களில் சில பொதுவுடைமைச் சின்னங்கள் இருந்ததால் எதிர்ப்பு எழுந்து, கோபுரத்தைப் பொதுமக்களுக்குத் திறப்பது மாதக்கணக்கில் தள்ளிப்போனது. இதையெல்லாம் அங்கேயே நின்று கேட்டபோது எனக்கு மெரினாவின் நினைவுதான் வந்தது.

ஏனென்றால் சென்னையிலும் இதே கதை இருக்கிறது. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய ஓவியப் பள்ளிதான் இன்று பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி. 1929-இல் அதன் தலைமையை ஏற்ற முதல் இந்தியர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அவர் வடித்த உழைப்பாளர் சிலை 1959 ஜனவரி 25 அன்று மெரினாவில் திறக்கப்பட்டது. நான்கு பேர் நெம்புகோல் போட்டு ஒரு பாறையை நகர்த்தும் அச்சிலையின் உடல்களுக்கு மாதிரியாக நின்றவர்களுள் அந்தக் கல்லூரியின் காவலாளி ஒருவரும் இருந்தார் என்பார்கள். 1923 மே 1 அன்று சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதன்முறையாக மே நாளைக் கொண்டாடிய கூட்டங்களுள் ஒன்று நடந்ததும் இந்தக் கடற்கரையில்தான். சற்றுத் தெற்கே நடந்து செல்லும் காந்தியும் ராய் சௌத்ரியின் கைவேலையே. ராய் சௌத்ரிக்குப் பின் கல்லூரிக்குத் தலைமையேற்ற கே.சி.எஸ். பணிக்கர், கலைஞர்கள் பிழைப்புக்காகப் பிறர் கையை எதிர்பார்க்காமல் வாழ வேண்டும் என்று எண்ணி, மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்றுச் சேர்த்த பணத்தில் ஈஞ்சம்பாக்கம் கடலோரத்தில் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார். கணித எண்களும் சாதகக் கட்டங்களும் புரியாத எழுத்துகளும் நிறைந்த அவருடைய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களைப் பார்க்கும் எவருக்கும், வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய சாதகச் சுவடி நினைவுக்கு வரும். தமிழ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று அதை ஒரு வரியில் சொல்லிவிட்டால், "நவீன ஓவியம் நமக்குப் புரியாது" என்று யாரும் ஒதுங்கிப் போகமாட்டார்கள்.

நான் கேட்கும் நடை இதுதான்: கல்லூரி வாயிலில் தொடங்கி, எழும்பூர் அருங்காட்சியகத்தின் கலைக்கூடத்தைப் பார்த்து, மெரினாவில் இரண்டு சிலைகளின் முன் நின்று, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சோழமண்டலத்தில் முடியும் ஒரு வழி. ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. பேருந்தில் போகிறவர் ஒவ்வொரு ஞாயிறும் ஓர் இடமாகக் கேட்கட்டும். சிலையின் அருகே ஒரு கியூஆர் குறியீடு இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்கு அருங்காட்சியக நுழைவாயிலில் ஒரு சிறு கருவியை இரவல் கொடுக்கலாம். பார்வையற்றோருக்காக, சிலையின் நிலையையும் தசைகளின் முறுக்கையும் பொறுமையாக விவரிக்கும் தனிப் பதிவு ஒன்று அவசியம் வேண்டும். இதில் புதிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடெலிக் அருங்காட்சியகம் 1952-லேயே வானொலி அலை மூலம் பார்வையாளர் காதில் பேசிக்காட்டிவிட்டது.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. சில ஆண்டுகளுக்கு முன், பெயர் சொல்ல விரும்பாத ஓர் இடத்தில், தமிழ் ஒலி வழிகாட்டி என்று கொடுத்ததை ஆவலோடு வாங்கிக் காதில் மாட்டினேன். "இந்தப் படைப்பானது கலைஞரின் அகவெளியைக் கட்டமைக்கும் ஒரு பன்முக உரையாடலாகத் திகழ்கிறது" என்ற போக்கில் வாசித்துக்கொண்டே போனது. ஆங்கிலத்தில் எழுதியதை வரிக்கு வரி பெயர்த்து, படத்தைப் பார்த்தே இராத ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்திருக்கிறார்கள். எங்கே பார்ப்பது என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. என் மனைவி இரண்டே நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவள் திருப்பிக் கொடுத்தது தமிழை அன்று. சென்னை வானொலி 1938 முதல் நாடகங்களாலும் உரைகளாலும் நம் காதுகளைப் பழக்கியிருக்கிறது. குரலால் காட்சியை எழுப்பத் தெரிந்தவர்கள் நம்மிடம் உண்டு. ஓவியம் அறிந்தவரும் வானொலி அறிந்தவரும் படத்தின் முன்னால் சேர்ந்து நின்று, பேசிப்பேசி எழுத வேண்டும்.

இதற்கு அவசரமும் உண்டு. பணிக்கர் 1977-இல் மறைந்தார். ஓவியர் ஆதிமூலம் 2008-இல் போய்விட்டார். காந்தியைக் கோடுகளிலேயே உயிர்ப்பித்த அந்தக் கையின் படங்களை நாம் பார்க்கலாம், கோடு போடும்போது மனத்தில் என்ன ஓடியது என்று இனிக் கேட்க முடியாது. பணிக்கரின் மகனும் சிற்பியுமான நந்தகோபால் 2017-இல் மறைந்தார். அவர்களோடு வாழ்ந்தவர்கள், அவர்களிடம் படித்தவர்கள், அச்சு வார்த்துக் கொடுத்த தொழிலாளிகள், பாத்திக் சாயம் காய்ச்சிய கைகள் என்று இன்னும் பலர் நம்மிடையே இருக்கிறார்கள். எல்லோருக்கும் வயதாகிவிட்டது. கட்டடம் கட்டவும் செயலி செய்யவும் காலம் ஆகலாம். குரல்களைப் பதிவுசெய்வதை இந்த ஆண்டே தொடங்கிவிட முடியும். கலை பண்பாட்டுத் துறையும் கவின் கலைக் கல்லூரியும் இதைச் சேர்ந்து செய்ய வேண்டும். கல்லூரி மாணவர்களிடம் ஆளுக்கு ஒரு மூத்த கலைஞரை ஒப்படைத்து, ஒரு நல்ல ஒலிவாங்கியையும் கொடுத்தால், ஒரு பருவத்துக்குள் பெரும் செல்வம் சேர்ந்துவிடும்.

அன்று மெரினாவில் அச்சிறுவனுக்கு நான் சொன்னதை, பேசிய தமிழிலேயே இரண்டு பக்கமாக எழுதி இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். நின்று நிதானமாக வாசித்தால் மூன்று நிமிடம் ஆகும். முதல் நிமிடத்துக்குப் பிறகு, சிலையை ஒருமுறை சுற்றி வருவதற்காக ஓர் இடைவெளி விட்டிருக்கிறேன். பாறையின் பின்பக்கத்தைப் பார்த்தவர்கள் குறைவு. யார் வேண்டுமானாலும் இதைத் திருத்தி, பதிவுசெய்து பயன்படுத்திக்கொள்ளலாம். குரல் கொடுக்க ஆள் வேண்டுமென்றால் நானே வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
திருவான்மியூர், சென்னை.