கல்நார் தொழிலாளர்களின் மருத்துவப் பதிவேடுகள் அழியும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நார் பற்றிய பேச்சு எப்போது எழுந்தாலும், பள்ளிக் கூரைகளை மாற்றுவது, கோடையில் ஷீட் வீட்டுக்குள் இருக்க முடியாத வெக்கை என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. அந்த ஷீட்டுகளைத் தயாரித்த ஆலைகளிலும், பிரேக் லைனிங் செய்த பட்டறைகளிலும், கொதிகலன் குழாய்களுக்குக் கல்நார்க் கயிறு சுற்றிய ஒப்பந்தப் பணிகளிலும் இளமையைக் கழித்தவர்கள் பலர் இன்று அறுபது, எழுபது வயதைத் தாண்டிவிட்டனர். அவர்களுக்கு நோய் வெளிப்படும் காலமும் சட்ட வழி அடைபடும் காலமும் ஒன்றாக வந்து சேர்ந்திருப்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மூச்சோடு உள்ளே போன கல்நார் இழை நுரையீரலில் கரைவதில்லை. நுரையீரல் தழும்பேறி இறுகும் ஆஸ்பெஸ்டாசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலின் உறையைத் தாக்கும் மீசோதெலியோமா ஆகியவை பெரும்பாலும் இருபது முதல் நாற்பது ஆண்டுகள் கழித்தே தலைகாட்டுகின்றன. தொழிலாளர் வழக்குகளை நடத்தும் என்னிடம் வருபவர்களின் மருத்துவச் சீட்டுகளில் காசநோய், ஆஸ்துமா, பீடிப் பழக்கம் என்றெல்லாம் எழுதியிருக்கும். முன்பு என்ன வேலை பார்த்தார் என்பது மட்டும் அநேகமாக எதிலும் இருக்காது. வேலை உடுப்பைத் துவைத்த மனைவிக்கும் இந்நோய் வரக்கூடும் என்பதால், வீட்டாரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரி 27 அன்று, நுகர்வோர் கல்வி மற்றும் ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் ஆஸ்பெஸ்டாசிஸ் என உறுதிசெய்தால் ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும், ஒவ்வொரு தொழிலாளியின் மருத்துவப் பதிவேட்டையும் பணியில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது பணி முடிந்த பின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்றும் அது ஆணையிட்டது. அன்றைக்கு அது பெரிய தொகை, நீண்ட காலம். இன்று அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1980-இல் சேர்ந்து 2010-இல் ஓய்வு பெற்றவருக்கு முதல் கெடு 2020-இலும் இரண்டாவது கெடு 2025-இலும் முடிந்துவிட்டன. 2027-இல் அவருக்கு மீசோதெலியோமா என்று தெரியவந்தால், பதிவேட்டை அழித்துவிட்டோம் என்று நிர்வாகம் சொல்வதில் தீர்ப்பை மீறிய குற்றம் எதுவும் இருக்காது. மூடிய ஆலைகளின் பதிவேடுகள் யாரிடம் இருக்கின்றன என்ற கேள்வியை நான் எழுப்பவே போவதில்லை.

இழப்பீட்டுச் சட்டமும் இந்த நோயின் போக்குக்கு ஏற்ப அமையவில்லை. வேலையை விட்டு இரண்டு ஆண்டுகளுக்குள் அறிகுறி தோன்றினால், அது கண்டறியப்பட்ட நாளையே விபத்து நேர்ந்த நாளாகக் கொள்ளலாம் என்றது, 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1923-ஆம் ஆண்டுச் சட்டம். கல்நார் நோய்க்கு இந்த இரண்டு ஆண்டுகளால் என்ன பயன்? போதிய காரணம் இருந்தால் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும் அதிகாரம் அச்சட்டப்படி ஆணையருக்கு இருந்தது என்பது உண்மைதான். ஆனால் உரிமை இருந்தும் ஒவ்வொருவரும் சலுகை கேட்பவரைப் போல நிற்க வேண்டியிருக்கிறது.

இருக்கிற வழிகளையாவது அறிந்துகொள்வது நல்லது. ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருந்தவர்கள் அதன் வழியாகவே பயன் கோர வேண்டும், சென்னை கே.கே. நகரில் ஈ.எஸ்.ஐ. கழகத்தின் தொழில்சார் நோய் மையம் இயங்குகிறது. சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி தொழிலாளர்களும், வருமான வரம்பின்றிப் பெண்களும் இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள். ஆகவே, கணவரை இழந்த பெண்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள அலுவலகத்தை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். ஊதியச் சீட்டு, வருங்கால வைப்பு நிதி எண், உடன் வேலை பார்த்தவரின் வாக்குமூலம் என எது கையில் இருந்தாலும் அதைப் பத்திரப்படுத்த வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளருக்குப் பல வேளைகளில் கடைசியாகச் சொன்னது ஒன்றுதான் சான்று.

தமிழக அரசு, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மூலம், கல்நாரைக் கையாண்ட எல்லா ஆலைகளிடமும், மூடப்பட்டவை உட்பட, எஞ்சியிருக்கும் மருத்துவப் பதிவேடுகளைக் கெடு பாராமல் கேட்டுப் பெற்று, உரியவருக்கோ அவர் குடும்பத்துக்கோ ஒரு பிரதி தர ஆணையிட வேண்டும்.

இப்படிக்கு,
தொழிலாளர் வழக்குகளை நடத்தும் வழக்குரைஞர் ஒருவர்,
கோயம்புத்தூர்.