ஓலை வாசிப்பதற்கு முன்: சேகரக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான சேகரகுருமார்களுக்கும் (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைப் பகுதியே சேகரம்), சபை ஊழியர்களுக்கும், சேகரக் குழு அங்கத்தினர்களுக்கும்,

ஸ்தோத்திரம்.

தவக்காலமாகிய லெந்து நாட்கள் முடிந்து, உயிர்த்தெழுந்த பண்டிகையும் கடந்துவிட்டது. இனி ஞாயிறுதோறும் ஆராதனையில், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று சபைக்கு அறிவிக்கும் திருமண ஓலை வாசிப்பீர்கள். மூன்று வாரம் வாசித்து, தடை சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்று சபையைப் பார்த்துக் கேட்பீர்கள். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். எனக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் எழுந்திருக்கத் தோன்றுகிறது. மணமக்களைப் பற்றிச் சொல்ல எனக்குத் தடை ஏதும் இல்லை. அந்த ஓலை உங்கள் கைக்கு வருவதற்கு முன் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசி முடித்த சீதனத்தையும் சாதியையும் பற்றித்தான் சொல்ல இருக்கிறது. நெல்லைச் சீமையின் ஒரு சபையில் ஞாயிறு பள்ளியிலும் பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் ஊழியம் செய்கிறவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

இயேசுவை நம்புங்கள் என்று எங்களுக்குப் போதித்திருக்கிறீர்கள். நோய், பரீட்சை, வேலை, விசா, கடன் என்று எல்லாவற்றுக்கும் அவரைச் சார்ந்திருக்கச் சபை கற்றுக்கொண்டிருக்கிறது. சாட்சி சொல்லும் நேரத்தில் அழுதுகொண்டே நன்றி சொல்கிறவர்களை நான் அறிவேன். அது உண்மையான நம்பிக்கை. ஆனால் பிள்ளைகளுக்குக் கல்யாணம் என்றதும் அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டு நாம் உள்ளே உட்கார்ந்து பேசுகிறோம். முதலில் ஜெபம், முடிவிலும் ஜெபம். நடுவில் பேசப்படுவது பவுனும் ரொக்கமும்.

அந்தப் பேச்சு உங்களுக்குத் தெரியாதது அல்ல. "நாங்கள் எதுவும் கேட்கவில்லை, உங்கள் பிள்ளைக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்" என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்வார்கள். சற்று நேரத்தில், மூத்த மருமகள் என்ன போட்டுக்கொண்டு வந்தாள் என்பது யாரும் கேட்காமலே சொல்லப்படும். பையனைப் படிக்கவைக்க ஆன செலவு சொல்லப்படும். பெண்ணின் அப்பா கீழே பார்த்துக்கொண்டு மனதுக்குள் கணக்குப் போடுவார்: சேமநிதியில் எவ்வளவு எடுக்கலாம், வயலை யார் வாங்குவார்கள், இளையவளுக்கு என்ன மிஞ்சும். அதன் பிறகு காப்பி வரும், நாள் குறிக்கப்படும், கர்த்தர் நடத்தினார் என்று எல்லோரும் சொல்வார்கள். வயலை விற்றுவிட்டு வந்த அந்த அப்பாவும் சொல்வார்.

பிறகு திருமண ஆராதனையில் மணமக்கள் உங்கள் முன் நின்று, ஐசுவரியத்திலும் தரித்திரத்திலும் ஒருவரை ஒருவர் நேசிப்பதாக உடன்படிக்கை செய்கிறார்கள். தரித்திரம் தங்கள் பக்கம் வரவே கூடாது என்று இரு வீட்டாரும் முன்கூட்டியே பேசி முடித்துவிட்ட பிறகு அந்த இளம் பிள்ளைகளின் வாயில் அந்த வார்த்தைகளை வைக்கிறோம்.

இதை ஆசை என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. இதற்குள் இருப்பது பெரும்பாலும் பயம். போன இடத்தில் என் மகளை மதிக்காவிட்டால் என்ன ஆகும்? நாளைக்கு அவளுக்கு ஒன்று என்றால் கையில் ஏதாவது இருக்க வேண்டாமா? பையன் வீட்டிலும் பயம்தான்: ஒன்றும் வாங்காமல் கட்டினால் பையனிடம் ஏதோ குறை என்று ஊர் பேசுமே! இந்தப் பயத்தைப் பார்த்துத்தான் கலிலேயாவின் மலைச்சரிவில் ஆண்டவர் பேசினார். என்னத்தை உண்போம், என்னத்தை உடுப்போம் என்று கவலைப்படாதிருங்கள் என்ற மத்தேயு ஆறாம் அதிகாரத்தை எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். சம்பளம், வாடகை, பள்ளிக் கட்டணம் ஆகியவற்றோடு அதைப் பொருத்திக் காட்டுகிறீர்கள். கல்யாணப் பேச்சோடு பொருத்தி ஒரு பிரசங்கமாவது கேட்க எனக்கு ஆசை. முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள் என்று அதே அதிகாரம் முடிவில் சொல்கிறது. நீதி என்று வந்துவிட்ட பிறகு, ஒரு தகப்பனின் வயலை இன்னொரு வீட்டின் காராக மாற்றுவதை ஆசீர்வாதம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

மகளின் எதிர்காலத்தைப் பற்றி யோசிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவளைப் படிக்கவைக்கலாம், அவள் பெயரில் சேமிக்கலாம். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் அவர் சொத்தில் கிறிஸ்தவ மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு உண்டு. நம் வீடுகளில் என்ன நடக்கிறது? "உனக்குத்தான் சீதனம் கொடுத்தாயிற்றே" என்று சொல்லி, சொத்தில் பங்கு வேண்டாம் என்ற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். அவளுக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் பணம் அவள் கைக்கு ஒரு நாளும் வந்ததில்லை. வரதட்சணை கேட்பதும் வாங்குவதும் மட்டுமல்ல, கொடுப்பதுகூட 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இது வேதம் படிக்காதவர்களுக்கும் தெரிந்த விஷயம் என்பதால் இதோடு விடுகிறேன்.

நம் முன்னோர்களை நினைத்துப் பாருங்கள். விசுவாசத்தை ஏற்றுக்கொண்டவர்கள் சொந்த ஊரில் இருக்க முடியாமல் துரத்தப்பட்டபோது, அவர்களுக்குப் புகலிடமாக 1799-ஆம் ஆண்டு சாத்தான்குளத்துக்கு அருகில் முதலூர் எழுந்தது. வீட்டையும் உறவையும் விட்டுவிட்டு, வெறும் தேரிமணலில் ஓலைக் குடிசை போட்டுக்கொண்டு அவர்கள் இயேசுவைப் பின்பற்றினார்கள். அந்த மண்ணில் பிறந்த நாம், மகன் கல்யாணத்தில் வரவேண்டிய தொகை வராவிட்டால் பெரிய நஷ்டம் என்று வருந்துகிறோம். அவர்கள் இழந்ததோடு ஒப்பிட்டால் நம்மிடம் கேட்கப்படுவது எவ்வளவு சிறியது!

சாதியைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். பவுன் கணக்கு தொடங்குவதற்கு முன்பே முதல் கேள்வியாக அதுதான் வருகிறது. 1833-ஆம் ஆண்டு கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகள் சாதி வேறுபாட்டைக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே விலகி நின்றார்கள். நம் ஆராதனைகளில் இன்றும் உருகிப் பாடும் கீர்த்தனைகளை எழுதிய வேதநாயக சாஸ்திரியார்கூட அந்த விஷயத்தில் பேராயரின் பக்கம் நிற்கவில்லை. கத்தோலிக்கச் சபையில், வடக்கன்குளத்தில் 1872-இல் எழும்பிய தேவாலயம் சாதிக்கு ஒரு பக்கம் என்று இரண்டாகவே கட்டப்பட்டது. நடுச்சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. இன்று எந்தச் சேகரத்திலும் இருக்கையைப் பிரிப்பதற்கு யாரும் துணிய மாட்டார்கள். ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்கிறோம். அசனப் பண்டிகையில் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். பெண் கேட்டு வருகிறவர் அதே பந்தியில் பக்கத்து இலையில் சாப்பிட்டவராக இருந்தாலும், வேறு சாதி என்றால் கதவு அடைபடுகிறது. அவருடைய மகனைச் சிறுவயதில் என் ஞாயிறு பள்ளி வகுப்பில் உட்காரவைத்து, "தேவனுடைய சித்தத்தின்படி செய்கிறவனே எனக்குச் சகோதரன்" என்ற வசனத்தை மனப்பாடம் செய்யவைத்தது நான்தான். இப்போது அவன் முகத்தைப் பார்த்து என்ன சொல்வேன்?

ஆகவே உங்களிடம் சில காரியங்களைக் கேட்கிறேன். திருமணத்துக்கு எழுதிக்கொடுக்க வருகிறவர்களிடம் ஞானஸ்நானச் சான்றும், சபையின் முழு அங்கத்தினராக ஏற்கும் திடப்படுத்தலின் சான்றும் கேட்கிறீர்கள். அதே மேசையில், பெண் வீட்டாரைத் தனியே உட்காரவைத்து, என்ன பேசப்பட்டது என்று கேளுங்கள். அவர்கள் முதலில் மறைப்பார்கள், மெதுவாகக் கேளுங்கள். பிறகு மாப்பிள்ளையையும் தனியே அழைத்துப் பேசுங்கள். என் அனுபவத்தில் இளைஞர்கள் பெற்றோரைவிடச் சீக்கிரம் இரங்குகிறார்கள். யாராவது ஒரு போதகர் கேட்டிருந்தால் நான் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன் என்று கல்யாணத்துக்குப் பின் சொன்னவர்கள் உண்டு.

சேகரக் குழுவில் இருக்கும் அண்ணன்மாரே, உங்களில் பலருக்குத் திருமண வயதில் மகன்கள் இருக்கிறார்கள். குழு தீர்மானம் நிறைவேற்றுவதற்கு முன் நீங்கள் உங்கள் வீட்டில் தீர்மானியுங்கள். வாங்காத ஒரு கமிட்டி அங்கத்தினரின் பெயர் ஊரில் பரவினால், அடுத்த வீட்டுப் பெண்ணின் தகப்பனுக்கு மறுத்துப் பேசத் தைரியம் வரும். இதை மேடையில் அறிவிக்க வேண்டியதில்லை; செய்தால் போதும், செய்தி தானாகப் பரவிவிடும்.

சாதி கடந்து திருமணம் செய்ய நம் பிள்ளைகள் இருவர் வந்தால், பெற்றோர் சம்மதம் இல்லை என்று சொல்லிப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். அந்தப் பெற்றோரின் வீட்டுக்கு நீங்களே போங்கள். ஒரு முறை போய் அவர்கள் மறுத்தால் திரும்பவும் போங்கள். அந்தப் பிள்ளைகள் நம் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அவர்களுக்கு நம் ஆலயத்தில் மணமேடை இல்லையென்றால் வேறு எங்கே இருக்கும்?

சீதனம் கேட்டதால் ஒரு சம்பந்தம் கைவிட்டுப் போனால் அந்தப் பெண்ணின் அம்மா பல மாதங்கள் ஆலயத்துக்கு வருவதற்கே கூசுவார். அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, அவருக்குத் துணையாக இருக்கப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். யார் வீடு என்பதை மட்டும் சபை ஊழியர் எங்களுக்குச் சொல்லட்டும். வருகிற சேகரக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த மடலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கூப்பிட்டால் நேரில் வந்து பேசவும் ஆயத்தம்.

கர்த்தருடைய பணியில் உங்கள் சகோதரி,
ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை