ஹாரி ஹெம்ஸை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விக்டோரியா காலத்து இங்கிலாந்துச் சிற்பிகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஆல்பிரட் கில்பர்ட் பற்றிய பகுதி நன்றாகவே இருந்தது, ஆனால் கட்டுரை கடைசிவரை லண்டனையே சுற்றிச்சுற்றி வந்ததில் எனக்கு வருத்தம்தான். வெளியூர்ப் பட்டறைக்காரர்களில் எக்ஸிடர் நகரத்து ஹாரி ஹெம்ஸ் ஒருவரையாவது சொல்லியிருக்க வேண்டாமா?

1842இல் லண்டனில் பிறந்தவர் அவர். 1866இல் எக்ஸிடரில் ஆல்பர்ட் நினைவு அருங்காட்சியகம் கட்டிக்கொண்டிருந்தபோது கல் செதுக்கும் வேலைக்காக அங்கே போனார். ரயிலிலிருந்து இறங்கி நடந்த வழியில் ஒரு குதிரை லாடம் கிடைத்ததாம், ராசி என்று எடுத்து வைத்துக்கொண்டார், அப்புறம் அந்த ஊரையே சொந்த ஊராக்கிக்கொண்டு லாங்புரூக் தெருவில் பட்டறை கட்டி அதற்கு ‘அதிர்ஷ்ட லாடம்’ என்றே பெயரும் வைத்துவிட்டார்.

செயின்ட் ஆல்பன்ஸ் பேராலயத்தின் பலிபீடத்துக்குப் பின்னால் நிற்கும் உயரமான கல்திரையைப் பாருங்கள். 1484இல் முடிந்தது. பதினாறாம் நூற்றாண்டில், இங்கிலாந்து கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்த மதச் சீர்திருத்தக் காலத்தில், சிலைகளை உடைத்துவிட்டார்கள், மாடங்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வெறுமையாகவே கிடந்தன. 1880களில் ஆல்டன்ஹாம் பிரபு பணம் கொடுக்க, நடுவே சிலுவையில் தொங்கும் இயேசு, பக்கத்தில் மரியாள், யோவான், சுற்றிலும் புனிதர்கள் என்று அத்தனை மாடங்களையும் நிரப்பியது ஹெம்ஸின் பட்டறை. அதே திரையில் பலிபீடத்துக்கு நேர் மேலே இருக்கும் உயிர்த்தெழுதல் புடைப்புச் சிற்பம் மட்டும் கில்பர்ட் செய்தது. நீங்கள் கில்பர்ட்டை எழுதினீர்கள், சரி, அவர் வேலையைச் சுற்றி நிற்கிற சிலைக்கூட்டத்துக்கு ஒரு வரி கூடவா இல்லை?

அந்தச் சிலைகள் பழைய கல்லுக்கு நடுவே கொஞ்சம் அதிகமாகவே வழவழப்பாகத் தெரிகின்றன என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே பதினாறாம் நூற்றாண்டில் சீர்திருத்த நம்பிக்கைக்காக உயிரோடு எரிக்கப்பட்ட இருவருக்காக 1909இல் எக்ஸிடர் டென்மார்க் சாலையில் அவர் எழுப்பிய தியாகிகள் நினைவுத் தூணில் அந்தக் குறை இல்லை. தாமஸ் பெனட் தன் கண்டனத்தை எழுதிப் பேராலயக் கதவில் ஆணியால் அறைகிற காட்சி ஒரு பக்கம், ஆக்னஸ் பிரெஸ்ட் தீயில் நிற்பது இன்னொரு பக்கம், இரண்டிலும் ஒரு வேகம் இருக்கிறது.

பழைய தேவாலயங்களின் மரச்செதுக்குகளையும் ஆசையாகச் சேர்த்து வைத்திருந்தவர். 1916இல் இறந்தார், மகன்கள் பட்டறையைத் தொடர்ந்து நடத்தினார்கள். அவர் சேர்த்த மரச்செதுக்குகள் இன்று அவர் வேலைக்கு வந்த அதே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தொடரின் அடுத்த பகுதியில் அவருக்கும், பெயர் தெரியாத அவருடைய பட்டறை ஆட்களுக்கும் ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள்.

அன்புடன்,
நெடுநாள் வாசகர்