அடிக்கடி சளி பிடிக்கிறதே என்று கேட்டாயே

அன்புள்ள மகளுக்கு,

குட்டியைக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டதிலிருந்து மாதம் தவறாமல் சளி, அவனுக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லையோ என்று எழுதியிருந்தாய். இருக்கிறது. கருவில் உன்னிடமிருந்து அவனுக்குப் போன எதிர்ப்புப் புரதங்கள் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் தீர்ந்துவிடும். பிறகு அவன் உடம்பே தயாரிக்க வேண்டும். சளி தரும் ரைனோ வைரஸில் மட்டும் 150க்கும் மேல் வகைகள். ஒன்று வந்து போனது இன்னொன்றைப் பெரிதாகத் தடுக்காது. இந்த வயதில் வருடத்துக்கு 6 முதல் 8 தடவை, காப்பகம் போனால் 10, 12கூட வரும்.

பச்சைச் சளியைப் பார்த்துப் பயந்து ஆன்டிபயாடிக் கேட்காதே. வைரஸோடு மோத வந்த வெள்ளணுக்களில் உள்ள நொதியின் நிறம் அது. இருமல் இரண்டு மூன்று வாரம் இழுக்கும்.

கவனிக்க வேண்டியது மூச்சை. 4 மி.மீ. மூச்சுக்குழாயில் சுற்றிலும் 1 மி.மீ. வீங்கினாலே காற்று போகும் வழி கால்வாசியாகிவிடும். நமக்கு வெறும் மூக்கடைப்பாக இருப்பது அவனுக்குத் திணறலாவது இதனால்தான். அவன் தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு முழுதாக 60 விநாடி மூச்சை எண்ணு. 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது சரிவராது, குழந்தை மூச்சு சீராக ஓடாது. ஒரு வயது தாண்டியவனுக்கு 40ஐத் தொட்டால் வேகம் என்று அர்த்தம், அன்றே டாக்டரிடம் காட்டு. காய்ச்சலும் எண்ணிக்கையை ஏற்றும், அதனால் இறங்கியதும் ஒருமுறை எண்ணிப் பார். ஆனால் விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, குடிக்க மறுத்தாலோ எண்ணிக்கொண்டிருக்காதே, உடனே தூக்கிக்கொண்டு ஓடு.

பாராசிட்டமாலை வயதுக்கு அல்ல, எடைக்குக் கொடு: கிலோவுக்கு 15 மி.கி. குட்டி 10 கிலோ, ஆக 150 மி.கி. பாட்டிலில் 5 மி.லி.க்கு 250 மி.கி. என்றிருந்தால் 3 மி.லி., 120 என்றிருந்தால் கணக்குப்படி 6.25, 6 மி.லி. போதும். பாட்டில் மாறும்போதுதான் எல்லோரும் தவறுகிறார்கள். கரண்டி வேண்டாம், சிரிஞ்சில் அள. ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நாலு வேளைக்கு மேல் கூடாது. இருமல் சிரப் வேண்டவே வேண்டாம். மூக்கடைத்தால் பால் குடிப்பதற்கு முன் உப்புநீர்ச் சொட்டு போதும்.

வருடத்தில் இரண்டு தடவை நிமோனியா வந்தாலோ, எடை ஏறாமல் நின்றாலோ, எதிர்ப்புச் சக்தியைச் சோதிக்கச் சொல்லி நானே டாக்டரிடம் கேட்பேன். வெறும் சளிக்கு அந்தச் சோதனை தேவையில்லை. தடுப்பூசி அட்டையைப் படமெடுத்து அனுப்பு, நிமோனியா ஊசியின் பூஸ்டர் போட்டாயிற்றா என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா