மனை நிரப்ப வரும் மண்ணில் என்ன இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னையில் மேடவாக்கம் தாண்டி எங்களுக்கு ஒரு சின்ன மனை இருக்கிறது, ரோட்டைவிட மூன்றடி பள்ளம், மழை வந்தால் முழங்கால் தண்ணீர். வீடு கட்டுவதற்கு முன்னால் மேடாக்கிவிடலாம் என்று மண் விசாரித்தபோது, "ரப்பீஸ் கலந்தது பரவாயில்லையா சார், பாதி விலைதான்" என்றார் டிப்பர்காரர். ரப்பீஸ் என்றால் இடித்த கட்டடத்தின் குப்பை. சரி என்று சொல்லிவிட்டேன், அது என் தப்பு. எட்டு லோடு, எல்லாமே ராத்திரி பதினொரு மணிக்கு மேல் வந்தது.

காலையில் போய்ப் பார்த்தேன். செங்கல், காரைக்கட்டி, டைல்ஸ், அதற்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்கு உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் துண்டுகள், உடைந்த ஓரத்தில் பஞ்சு பிரிந்த மாதிரி வெள்ளை நார். மூலையில் கொட்டியிருந்த மண் மட்டும் கறுப்பாக இருந்தது, கையில் எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டி பழைய இன்ஜின் ஆயில் வாடை அடித்தது. எந்த மெக்கானிக் ஷெட்டைத் தோண்டிய மண்ணோ! டிரைவரைக் கேட்டால் அவருக்கே தெரியவில்லை. அங்கிருந்து பத்தடியில் பக்கத்து வீட்டு போர்வெல், அந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

மனை நிரப்பும் சவுட்டு மண்ணை வெட்டி எடுத்தால், கொண்டுபோக நடைச்சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வேண்டும், அதில் எத்தனை யூனிட், எந்த வண்டி, எங்கிருந்து எங்கே போகிறது எல்லாம் இருக்கும். ஆனால் அந்த மண்ணில் எண்ணெய் இருக்கிறதா, ஈயம் இருக்கிறதா என்று அதில் எங்கேயும் கேட்பதில்லை. இடித்த வீட்டு ரப்பீஸுக்கு அந்தச் சீட்டுகூடக் கிடையாது. 2016-ன் கட்டடக் கழிவு விதிகள்படி ஒரு நாளில் 20 டன், அல்லது ஒரே வேலையில் மாதம் 300 டன்னுக்கு மேல் கழிவு வந்தால் கான்கிரீட், மண், இரும்பு, செங்கல் என்று பிரித்து வைத்து, வேலை தொடங்கும் முன்பே உள்ளாட்சியிடம் திட்டத்தைக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று இருந்தது. அவற்றுக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று அறிவித்த புது விதிகளில் மறுசுழற்சிப் பொறுப்பு 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களுக்குத்தான், அதாவது ஏறக்குறைய 2.15 லட்சம் சதுர அடியும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு. எங்கள் தெருக்களில் வாரத்துக்கு ஒன்று இடிபடுகிற பழைய வீடுகளும் ஷெட்டுகளும் இந்தக் கணக்கில் எங்கே வரும்?

சின்ன வீடானாலும் இடிக்க அனுமதி வாங்கத்தான் வேண்டும். அந்த அனுமதியோடு இரண்டு விஷயம் சேர்த்தால் போதும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும், இருந்தால் சம்மட்டியால் அடிக்காமல் தண்ணீர் தெளித்து, ஷீட்டைப் பிடித்திருக்கும் ஜே போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்கி, தடித்த பாலித்தீனில் சுற்றித் தனியாக அனுப்பட்டும். ஆபத்தான கழிவை வாங்கிப் புதைக்க கும்மிடிப்பூண்டியில் இடம் இருக்கிறது. அந்த நார் நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வர இருபது முப்பது வருஷம்கூட ஆகும், உடனே ஒன்றும் தெரியாததால்தான் ஷீட்டை உடைக்கிற தொழிலாளிகூட முகத்தில் வெறும் துண்டை மட்டும் கட்டிக்கொண்டு வேலை பார்க்கிறார், அந்த நாரைத் துண்டு தடுக்காது. அப்புறம் ஒர்க்‌ஷாப், பெட்ரோல் பங்க், சாயப்பட்டறை இருந்த இடமென்றால் நாலைந்து இடத்தில் மேலேயும் ஆழத்திலும் மண் எடுத்து லேப்பில் கொடுத்து, ரிசல்ட் வந்த பிறகே வண்டி கிளம்ப வேண்டும். அந்த ரிசல்ட்டின் நகல் டிரைவர் கையில் இருக்கட்டும், வாங்குகிற என்னைப் போன்றவர்களும் கேட்டு வாங்கட்டும்.

செலவு யார் கொடுப்பது என்று கேட்பார்கள். தேக்குக் கதவு, ஜன்னல் கம்பி எல்லாவற்றையும் இடிக்கிற கான்ட்ராக்டர் விலை பேசித்தான் எடுக்கிறார், அதிலிருந்து ஒரு பங்கு இதற்குப் போகட்டும். பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டடக் கழிவை அரைத்து மணலும் ஜல்லியுமாக்கும் ஆலைகள் இருக்கின்றன, ஷீட்டும் ஆயில் மண்ணும் கலக்காமல் சுத்தமாகப் போனால்தான் அங்கே அது உருப்படியாக ஏதாவதாகும். இல்லாவிட்டால் அந்த அழுக்கையும் அடித்துக்கொண்டு எங்கள் பக்கத்து மழைத்தண்ணீர் எல்லாம் போய்ச் சேர்வது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்தது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோமே, அதே சதுப்பு நிலம்தான்.

ஷீட் துண்டுகளை நனைத்துப் பொறுக்கி இரண்டு மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறேன். கறுப்பு மண்ணின் மேல் தார்ப்பாய் போட்டு மூடி, சாம்பிள் எடுத்து லேப்பில் கொடுத்திருக்கிறேன். ரிசல்ட் வரும்வரை அஸ்திவாரம் தோண்டுவதாக இல்லை, பக்கத்து வீட்டிலும் சொல்லிவிட்டேன், அதுவரை போர் தண்ணீரைக் குடிக்க எடுக்க வேண்டாம் என்று.

இப்படிக்கு,
மனை வாங்கிய ஒரு வாசகர்,
மேடவாக்கம்