‘ஒரு டன் எலி’ பற்றி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு சிறுவர் பக்கத்தில் வந்த ‘ஒரு டன் எடையுள்ள ராட்சத எலி’ கட்டுரையை என் பேத்தி சத்தமாக வாசித்துக் காட்டினாள். உருகுவே நாட்டில் வாழ்ந்து அழிந்துபோன ஜோசஃபோஆர்ட்டிகாசியா மோனேசி என்ற கொறிவிலங்கை நம் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தியதற்கு நன்றி. ஆனால் தலைப்பையும் படத்தையும் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. முப்பது வருஷம் விலங்கியல் நடத்தியவள் நான்.

கொறித்துத் தின்பதெல்லாம் எலி ஆகிவிடாது. இது கினிப்பன்றி, கேப்பிபாரா வகையறா. இன்று உயிரோடிருப்பவற்றில் இதற்கு மிக நெருங்கிய சொந்தம், ஆண்டிஸ் மலையை ஒட்டிய காடுகளில் வாழும் பகரானா. அது 10, 15 கிலோ தேறும். நம் காட்டு முள்ளம்பன்றிகூட எலியைவிட இதற்குக் கிட்டத்து உறவுதான். உங்கள் ஓவியரோ ஒரு பெருச்சாளியை ஊதிப் பெரிதாக்கி, நீளமான மொட்டை வாலும் வைத்துவிட்டார்.

அடுத்து அந்த ஒரு டன். உருகுவேயின் ரியோ டி லா பிளாட்டா கழிமுகக் கரையில் 1987-இல் கிடைத்த ஒரு மண்டையோட்டை, அந்நாட்டுத் தலைநகர் மான்டிவிடியோவின் ரிண்டர்க்னெக்ட், பிளாங்கோ என்ற இரு ஆய்வாளர்கள் 2008-இல் உலகுக்கு அறிவித்தார்கள். மண்டையோட்டின் நீளம் 53 சென்டிமீட்டர். சாப்பாட்டு மேசைமேல் சாக்பீஸால் அந்த நீளத்துக்குக் கோடு போட்டோம். கோட்டின் ஒரு முனையில் முழங்கையை வைத்தேன். என் விரல்நுனி மறுமுனைக்கு எட்டவில்லை. ஒரு முழத்துக்கும் மேல், தலை மட்டும்! பேத்தி அந்தக் கோட்டை இன்னும் அழிக்க விடவில்லை.

இன்றைய கொறிவிலங்குகளின் தலைக்கும் உடம்புக்கும் உள்ள விகிதத்தை வைத்துத்தான் எடையைக் கணக்கிட்டார்கள். அவர்களே தந்த விடை 468 கிலோவிலிருந்து 2,586 கிலோ வரை நீள்கிறது. ஒரு டன் என்பது அதன் நடுவில் உள்ள எண். அதே ஆண்டிலேயே வேறொருவர் கணக்கைத் திருப்பிப் போட்டு 350 கிலோதான் வரும் என்றார். மண்டையோடு கழுத்தோடு சேரும் இடத்தின் அகலத்தை வைத்து 2022-இல் போட்ட கணக்கில் வந்தது 480 கிலோ. இன்றைக்கு மிகப் பெரிய கொறிவிலங்கான கேப்பிபாராவே 50, 60 கிலோதான் என்னும்போது, 350 கிலோ என்றாலும் வாய் பிளக்க வேண்டியதுதான். பிள்ளைகளுக்கு இந்த வழக்கையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாமே!

எனக்கு உண்மையான வருத்தம், அது எப்படி வாழ்ந்தது என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாததுதான். சுமார் 40 லட்சம் முதல் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன், ஆறு கடலில் கலக்கும் சதுப்பும் காடுமான இடத்தில் இருந்திருக்கிறது. கடைவாய்ப் பற்கள் தலைக்குப் பொருந்தாத அளவு சிறியவை. அதனால் நீர்த்தாவரம், பழம் போன்ற மெத்தென்ற தீனிதான் தின்றிருக்கும் என்கிறார்கள். முன்பற்களின் கதையே வேறு. 2015-இல் கணினியில் மண்டையோட்டின் மாதிரியை அமைத்துச் சோதித்தபோது, முன்பல்லின் கடி ஏறக்குறைய 1,400 நியூட்டன் என்று வந்தது. புலியின் கடிக்கு ஈடு. அந்தப் பற்களோ அதைப்போல் மூன்று மடங்கு அழுத்தத்தைத் தாங்கக்கூடியவை! மென்மையான தீனிக்கு இவ்வளவு உறுதி எதற்கு? யானை தந்தத்தைப் பயன்படுத்துவதுபோல மண்ணைக் கிளறிக் கிழங்கு எடுக்கவோ, எதிரியை விரட்டவோ அவை உதவியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் முடிவு. மனிதனைவிட உயரமான வேட்டைப் பறவைகள் அந்தக் கண்டத்தில் திரிந்த காலம் அது.

பேத்தியின் வகுப்பில் இப்போது எல்லாரும் ‘ராட்சத எலி’ என்றே சொல்கிறார்களாம். அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தமாவது போடுங்கள். படத்தையும் மாற்றுவதாக இருந்தால், பகரானாவின் புகைப்படத்தை ஓவியரிடம் கொடுத்து, அதைப் பார்த்து வரையச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
தென்காசி.