சகாயத்துக்கு: ஃபைனல் முடிந்துவிட்டது

2018 டிசம்பர் 12

அன்புள்ள சகாயம்,

நடுக்கடலில் நெட் கிடைக்காமல் கிடக்கிறாய் என்று உன் வீட்டில் சொன்னார்கள். அடுத்த துறைமுகத்தில் நீ போனைத் திறந்ததும் வேறு எவனாவது ஸ்கோரைச் சொல்லிவிடுவான். அதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும். மக்கா, லிபர்டடோரஸ் கோப்பைக் கால்பந்து ஃபைனலில் என் ரிவர் பிளேட் உன் போகா ஜூனியர்ஸை ஜெயித்துவிட்டது. 3-1. எக்ஸ்ட்ரா டைமில்.

2011 ஜூனில் ரிவர் ‘B’ என்கிற இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியபோது நீ அந்த ஒரே ஒரு எழுத்தை மட்டும் அனுப்பினாயே, ஞாபகம் இருக்கிறதா? அதன் பிறகு என் பெயரையே மறந்துவிட்டு, போகாக்காரர்கள் ரிவர்காரர்களைக் கிண்டல் செய்கிற மாதிரி ‘கோழி’ என்றுதானே கூப்பிடுகிறாய். இனி கூப்பிடு பார்ப்போம்.

வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. குடில் வேலையைச் சின்னவன் தலைமேல் போட்டுக்கொண்டிருக்கிறான். பீட்டர் அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இனி ஆஃப்சைடு கொடியைச் சரியாகத் தூக்குவார் என்று எல்லோரும் நம்புகிறோம். சரி, ஆட்டத்துக்கு வருகிறேன்.

நவம்பர் 11-ஆம் தேதி உங்கள் மைதானமான பொம்போனேராவில் நடந்த முதல் ஆட்டம் 2-2 என்பது வரை உனக்குத் தெரியும். 24-ஆம் தேதி எங்கள் மைதானமான மொனுமென்டலில் இரண்டாவது ஆட்டம். அன்றைக்குத்தான் எல்லாம் நாசமாகப் போயிற்று. போகா வீரர்கள் வந்த பேருந்து மைதானத்தை நெருங்கும்போது எங்கள் ஆட்கள் கல்லையும் பாட்டிலையும் வீசிக் கண்ணாடியை நொறுக்கிவிட்டார்கள். போலீஸ் அடித்த புகை வேறு பேருந்துக்குள் போய்விட்டது. உன் கேப்டன் பாப்லோ பெரெஸ் கண்ணில் காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போய், கண்ணில் கட்டுடன் திரும்பி வந்தார். உள்ளே அறுபதாயிரம் பேர் மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள், ஆட்டம் இப்போது தொடங்கும், அப்போது தொடங்கும் என்று நேரத்தைத் தள்ளிக்கொண்டே போகிறார்கள். கடைசியில் நாளைக்கு என்றார்கள். மறுநாள் அதுவும் இல்லை என்றார்கள்.

அந்தக் கல்லெறிதலுக்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லப் போவதில்லை. 2015-இல் பொம்போனேராவில் எங்கள் வீரர்கள் மீது மிளகுப் பொடித் திரவத்தை அடித்தபோது நான் உன்னிடம் எவ்வளவு கத்தினேன். அன்றைக்குப் போகாவைப் போட்டியிலிருந்தே நீக்கினார்கள். அதே நியாயப்படி இந்தக் கோப்பையை எங்களுக்குக் கொடுங்கள் என்று உங்கள் கிளப் கேட்டதில் தப்பில்லை. ஆனால் தென்னமெரிக்கக் கூட்டமைப்பு என்ன செய்தது தெரியுமா? ஆட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய் மாட்ரிட்டில் வைத்தது! பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி, ரியல் மாட்ரிட்டின் சான்டியாகோ பெர்னபேவ் மைதானத்தில். இரண்டு கிளப்புமே வேண்டாம் என்றன. யார் கேட்டார்கள்?

சான் மார்ட்டினும் பொலிவரும் தென்னமெரிக்காவிலிருந்து ஸ்பெயின்காரனை விரட்டியதை நினைத்து வைத்த கோப்பை இது. அதன் இறுதி ஆட்டத்தை ஸ்பெயின் தலைநகரிலேயே நடத்துகிறோமே என்று அந்த அறையில் ஒருவருக்குக்கூட உறைக்கவில்லையா?

எனக்கு ஆறவே இல்லை மக்கா. இந்த இரண்டு கிளப்பும் எங்கே பிறந்தவை? அர்ஜென்டினாவின் புவனோஸ் அயர்ஸில், ஒரே துறைமுகப் பேட்டையில். ரிவர் 1901, போகா 1905. நாங்கள் பிறகு வடக்கே பணக்காரப் பகுதிக்குக் குடிபோனோம், நீங்கள் அங்கேயே இருந்துவிட்டீர்கள். துறைமுகத்துக்குள் அடுத்து வரும் கப்பலின் கொடி நிறம்தான் நம் சட்டை என்று போகாக்காரர்கள் முடிவு செய்ததாகவும், ஸ்வீடன் கப்பல் வந்ததாகவும் ஒரு கதை சொல்வார்களே, அதைக் கேட்டுத்தானே நீ போகா பக்கம் சாய்ந்தாய். நூறு வருஷத்துக்கு மேல் ஒரே ஊருக்குள் முட்டிக்கொள்ளும் இரண்டு அணிகள், லிபர்டடோரஸ் ஃபைனலில் மோதியது இதுதான் முதல் முறை. இதைப் பார்க்காமல் எத்தனை கிழவர்கள் போய்ச் சேர்ந்திருப்பார்கள். மொனுமென்டலில் வெயிலில் காத்திருந்த ரிவர்காரன், சம்பளம் முழுக்கக் கொடுத்து டிக்கெட் எடுத்தவன், கடைசியில் என்னைப் போலவே டிவியில்தான் பார்த்திருப்பான். கடற்கரையில் நடக்கும் நம் கிறிஸ்துமஸ் டோர்னமென்டில் ஒரு தகராறு வந்தது என்பதற்காக ஃபைனலை நாகர்கோவிலுக்கு மாற்றி டிக்கெட் போட்டு விற்றால் மாஸ்டர் சும்மா விடுவாரா?

இங்கே உனக்காக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அர்ஜென்டினாவில் 2013-இலிருந்து எதிரணி ரசிகர்களை மைதானத்துக்குள் விடுவதில்லை. பொம்போனேராவில் போகாக்காரர்கள் மட்டும், மொனுமென்டலில் ரிவர்காரர்கள் மட்டும். மாட்ரிட்டில் ஒரு பக்கம் நீலமும் மஞ்சளும், மறுபக்கம் சிவப்பும் வெள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து பாடினார்கள். மைதானத்துக்குள் ஒரு அடிதடி இல்லை. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சொந்த ஊரில் முடியாதது அங்கே எப்படி முடிந்தது என்ற கேள்விதான் அதைவிடப் பெரிதாக நெஞ்சில் நிற்கிறது.

நம் நேரப்படி இரவு ஒரு மணிக்கு ஆட்டம். போனில் ஒரு லிங்க் கிடைத்தது, அதுவும் நின்று நின்று ஓடியது. 44-ஆம் நிமிடத்தில் உங்கள் நாண்டெஸ் பாதி மைதானத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பந்தை நேராகக் கிழித்து விட்டார். பெனடெட்டோ ஒரே தட்டில் எங்கள் மைடானாவைத் தாண்டி, கோலி அர்மானிக்குப் பக்கத்தில் தரையோடு உருட்டி உள்ளே போட்டுவிட்டார். போட்டதோடு விட்டாரா? பக்கத்தில் நின்ற மொன்டியெலைப் பார்த்து நாக்கை நீட்டினார் பார், உன் முகமே தெரிந்தது எனக்கு.

முதல் பாதியில் ரிவர் எதுவும் ஆடவில்லை. உண்மையைச் சொல்கிறேன், நீங்கள்தான் மேலே. மாறியது கின்டெரோ உள்ளே வந்த பிறகு. 58-ஆம் நிமிடத்தில் பொன்சியோவை எடுத்துவிட்டு அந்தக் கொலம்பியனை இறக்கினார்கள். பந்து அவன் இடது காலுக்கு வந்தால் எல்லோருக்கும் ஒரு நிமிஷம் கூடுதலாகக் கிடைக்கிறது. பத்து நிமிஷத்துக்குள் நாச்சோ ஃபெர்னாண்டெஸும் பாலாசியோஸும் ஒருவருக்கொருவர் தட்டித் தட்டி உள்ளே புகுந்தார்கள், நாச்சோ குறுக்கே கொடுக்க, பிராட்டோ போட்டார். 1-1.

எக்ஸ்ட்ரா டைம் தொடங்கியதும் பாரியோஸுக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை, நீங்கள் பத்துப் பேர். 109-ஆம் நிமிடம். பெட்டிக்கு வெளியே கின்டெரோவுக்குப் பந்து வருகிறது. ஒரு தொடுதல், தலையைத் தூக்கக்கூட இல்லை, இடது காலால் ஒரு அடி. உங்கள் கோலி ஆன்ட்ராடாவின் கைக்கு மேலே போய், குறுக்குக் கம்பத்தின் அடிப்பக்கத்தில் பட்டு உள்ளே விழுந்தது. சத்தம் போட முடியாமல் தலையணையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு உங்கள் ஆட்கள் ஆடியதை நீ பார்த்தே ஆக வேண்டும். மாற்று ஆட்டக்காரர்கள் எல்லோரையும் இறக்கியாகிவிட்டது, காகோவின் குதிகால் நரம்பு அறுந்து வெளியே போகிறார், ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரில் கோலியும் முன்னால் வந்து நிற்கிறார். உன் தெவெஸைக் கடைசி பத்து நிமிஷத்துக்குத்தான் இறக்கினார்கள், எனக்கே கோபம் வந்தது. 120-ஆம் நிமிடத்தில் ஹாரா அடித்த பந்து கம்பத்தில் பட்டது. அரை அடி உள்ளே போயிருந்தால் பெனால்டி ஷூட் அவுட். அடுத்து ஒரு கார்னர், ஆன்ட்ராடாவும் எங்கள் பெட்டிக்குள் நிற்கிறார். பந்து வெளியே வந்து பிட்டி மார்ட்டினெஸ் காலில் மாட்டியது. அவருக்கு முன்னால் ஒருத்தனும் இல்லை. பாதி மைதானம் தனியாக ஓடிப் போய்க் காலியான வலையில் போட்டார்.

எனக்கு அந்த ஓட்டத்தின்போது அழுகை வந்துவிட்டது. இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கி ஏழு வருஷத்தில் இது கிளப்பின் மொத்தக் கணக்கில் நாலாவது லிபர்டடோரஸ் கோப்பையாக வந்து நிற்கிறது, அதுவும் உங்களை ஜெயித்து. ஆனால் அதே ஓட்டத்தை மொனுமென்டலில், அந்த அறுபதாயிரம் பேர் முன்னால் அவர் ஓடியிருக்க வேண்டும். அந்த நிமிஷத்தை யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த வருஷத்திலிருந்து ஃபைனலே ஒரே ஆட்டம்தானாம், முன்கூட்டியே முடிவு செய்த பொது மைதானத்தில், ஐரோப்பாவைப் பார்த்து. முதலாவது சான்டியாகோவில் என்று அறிவித்துவிட்டார்கள். மொனுமென்டலில் ஒன்று, பொம்போனேராவில் ஒன்று என்ற கணக்கே இனி இல்லை. சொந்த வீட்டில் ஜெயிப்பதும், எதிராளி வீட்டில் போய் ஒரு டிரா வாங்கி வருவதும்தானே இந்தக் கோப்பையின் உயிர். அதை எடுத்துவிட்டு மீதியை டிவிக்காரனுக்குக் கொடுக்கிறார்கள்.

நம் டோர்னமென்ட் இந்த வருஷம் நடக்கிறது. ஒக்கிப் புயல் வந்ததால் போன வருஷம் யாருக்கும் பந்தைத் தொட மனசு வரவில்லை. நவம்பர் 30-ஆம் தேதி பூசைக்கு ஊரே வந்திருந்தது, சூசை வீட்டிலிருந்தும் வந்தார்கள். அவன் தம்பி இந்த வருஷம் அவன் இடத்தில் லெஃப்ட் விங் ஆடுகிறான். நல்லா ஆடுகிறான். கப்பல்காரர்கள் பங்கை அனுப்பச் சொல்லி மாஸ்டர் உன்னிடம் சொல்லச் சொன்னார், மறந்துவிடாதே.

முழு ஆட்டத்தையும் பென் டிரைவில் ஏற்றி வைத்திருக்கிறேன். முதல் பாதியை மட்டும் பார்த்துவிட்டு அணைத்துவிடுவாய் என்று தெரியும், அதனால் நானும் பக்கத்தில் உட்காருவேன். எப்போது இறங்குகிறாய் என்று எழுது. ஸ்டெல்லாவுக்கும் ஒரு வரி போடு, உன் மீது கோபமாக இருக்கிறாள்.

அன்புடன்,
ஜெரால்டு